லோஞ்சு எஞ்சினுக்கு எத்தனை கட்டை?

ஏழு பெண்கள் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஏழு பாட்டு வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபம். அதன் பின்பக்கத்தில், உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அறை. முன்னால் அரச உத்தியோகத்தர்களுக்கான குழுப்பாடல் போட்டி நடந்துகொண்டிருந்தது. எங்கள் நயினாதீவு அணி மேடையேற இன்னும் கால்மணி நேரம் இருந்தது. ஏழு பேரும் மாம்பழ மஞ்சளில் ஒரே மாதிரிச் சேலை கட்டியிருந்தார்கள். தலையில் வைத்த கனகாம்பரம் வாடத் தொடங்கியிருந்தது.

"இன்னொருக்காப் பாடுவம்," என்றார் ரஞ்சினி. ரஞ்சினி தீவின் ஆஸ்பத்திரியில் தாதி. அணிக்குத் தலைவி. ஊசி போடுகிற அதே கையால்தான் தாளமும் போடுவார். அந்தக் கை தொடையில் விழும்போது யாரும் பிந்தத் துணிவதில்லை.

பாடினார்கள். இந்த முறை ஒன்பது பாட்டு வந்ததுபோல இருந்தது.

என் மனைவி மகேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் வந்தாள். அவள் தீவின் தபாலதிபர். பாட்டின் முதல் அடியைத் தனியே பாடவேண்டியவளும் அவள்தான்.

"என்னப்பா, என்னாலை ஏலாது. நான் மேடையிலை ஏறேல்லை."

"ஏனப்பா? நேற்று லோஞ்சிலை நல்லாத்தானே பாடினனீர்?"

"லோஞ்சிலை பாடினனான். இஞ்சை லோஞ்சு எங்கை?"

நான் ஏழு கைப்பைகளுக்கும் காவலாக ஒரு மூலையில் இருந்தேன். அணியில் எனக்கு இருந்த ஒரே பதவி அது. பௌதிகவியல் படிப்பிக்கிற ஒருவன் கைப்பை காவல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது.

அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன்.

மோட்டர் ஓடும்போது மட்டும்

மகேஸுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு பாட்டுப் போட்டி. பயத்தில் சுருதியை ஒழுங்காகக் கேட்காமலே தொடங்கிவிட்டாள். எடுத்த எடுப்பிலேயே குரல் முகட்டில் போய் நின்றது. நடுவரின் மேசையில் ஒரு மணி இருந்தது. உச்சியில் ஒரு விரலால் தட்டினால் "டிங்" என்று அடிக்கும் பித்தளை மணி. இரண்டாவது அடியில் அது அடித்தது.

"காணும் பிள்ளை, இறங்கும்," என்றார்களாம்.

இறங்கியவள் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. எங்கள் கலியாணப் பேச்சின்போது என் அம்மா, "பிள்ளை பாடுவாவோ?" என்று ஒப்புக்குக் கேட்டார். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "இல்லை" என்றார்கள். அவ்வளவு ஒற்றுமையான ஒரு பதிலை நான் அந்தக் குடும்பத்தில் பிறகு கேட்டதே கிடையாது.

சரவணை ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் அவள் பாடுவது கிணற்று மோட்டர் ஓடும்போது மட்டும். இதை நான் பன்னிரண்டு வருடமாகக் கவனிக்கவில்லை. மேலே தண்ணீர்த் தாங்கி நிறைந்து வழியும். அவள் மோட்டரை நிறுத்தமாட்டாள். கேட்டால், "மறந்துபோனன்," என்பாள். மறதிக்காரி என்று முடிவுகட்டி நானே ஓடிப்போய் நிறுத்துவேன். நிறுத்தியதும் அவள் சமைக்கிற குசினிக்குள் ஏதோ ஒன்று சட்டென்று அடங்கும். அது என்னவென்று நான் யோசித்ததில்லை.

எத்தனை பாட்டை அப்படி நடுவில் வெட்டியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எஞ்சினுக்குப் பக்கத்து வாங்கு

பிறகு இரண்டு பேருக்கும் நயினாதீவுக்கு மாற்றம் வந்தது. அவளுக்குத் தபாற்கந்தோர், எனக்குப் பள்ளிக்கூடம். காலையில் மோட்டார் சைக்கிளில் குறிகட்டுவான் துறைக்குப் போவோம். அங்கிருந்து லோஞ்சு என்கிற எஞ்சின் படகு. இருபது நிமிடக் கடல்.

லோஞ்சு என்றால் பத்திரிகைப் படங்களில் வருகிற மேல்தட்டை நினைக்காதீர்கள். உள்ளே இறங்கவேண்டும். தாழ்ந்த பலகைக் கூரை, இரண்டு பக்கமும் உட்கார வாங்கு, நடுவில் பெட்டிக்குள் எஞ்சின். டீசல் மணமும், கோயிலுக்குப் போகிறவர்களின் மல்லிகைப்பூ மணமும் ஒன்றாகச் சேர்ந்து தலைக்கு ஏறும். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. தினமும் போகிறவர்கள் கையால்தான் குசலம் விசாரிப்பார்கள்.

எங்கள் லோஞ்சை ஓட்டுகிறவர் சின்னராசா அண்ணை. துறையில் தேநீர்க்கடைக்குள் இருப்பவர்கள் கடலைத் திரும்பிப் பார்க்காமலே, "சின்னராசா வாறான், பிளேன்ரீயைக் குடியுங்கோ," என்று சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு குரல் என்பது தீவுக்காரருக்குத் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் அது மூடநம்பிக்கைபோலப் பட்டது. இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் குணம் தெரியும். அளக்காத எதையும் நான் நம்புவதில்லை. நம்புகிறவர்களைக் கண்டால் சும்மா இருப்பதுமில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது. தீவில் வேலை செய்யும் உத்தியோகத்தர்களும் குழுப்பாடலுக்கு ஓர் அணி அனுப்பவேண்டுமாம். ரஞ்சினி உடனே பெயர் கொடுத்துவிட்டார். பாட்டையும் அவரே எழுதினார். தீவுகளைப் பற்றிய பாட்டு, நான்கு சரணம். ஒவ்வொரு சரணத்திலும் ஒரு நோய்த்தடுப்பு ஆலோசனை மறைந்திருந்ததுபோல எனக்குப் பட்டது. சொல்லவில்லை.

ஆனால் ஒத்திகைக்கு நேரம்? ஆஸ்பத்திரிக்காரி, கிளாக்கர், ஆசிரியைகள். ஆறு பேரும் ஒன்றாக இருக்கிற ஒரே இடம் காலை லோஞ்சு. ஆகவே எஞ்சின் பெட்டியைச் சுற்றி ஒத்திகை தொடங்கியது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பக்கத்தில் இருந்த மகேஸ் தன்பாட்டில் கூடப் பாடினாள். லோஞ்சில் தான் பாடுவது யாருக்கும் கேட்காது என்பது அவளுடைய எண்ணம். ரஞ்சினி எஞ்சின் பெட்டிக்கு மேலாக எட்டி அவள் கையைப் பிடித்தார்.

"மகேஸக்கா! இப்பிடி ஒரு குரலை வைச்சுக்கொண்டு முத்திரை வித்துக்கொண்டு இருக்கிறியளே!"

அவ்வளவுதான். ஏழாவது ஆளாக மகேஸ் அணியில் சேர்ந்தாள். அதுவும் முதல் அடிக்கு.

நடுக்கடலில் ஒரு குறிக்கம்பம் வரும். அதைத் தாண்டும்போது பாட்டைத் தொடங்கினால், நயினாதீவுத் துறை நெருங்கி, சின்னராசா அண்ணை எஞ்சினைக் குறைக்கும்போது கடைசி அடி வரும். எஞ்சின் குறைந்தால் பாட்டின் சுருதியும் கூடவே இறங்கும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதுபோல அது தன்பாட்டில் நடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

இல்லாத சத்தம்

ஒருநாள் மகேஸ் சொன்னாள், "சின்னராசா அண்ணையின்ரை எஞ்சின் நல்ல 'ச' பிடிச்சு நிக்குது. 'ப'வும் சேந்து வருது. தம்புரா தேவையில்லை."

"எஞ்சின் இரையும். சுருதி பிடிக்காது," என்றேன்.

"உங்களுக்குப் பாட்டு விளங்காது."

"உமக்கு எஞ்சின் விளங்காது."

வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். நான் முடியவிடவில்லை. அடுத்த நாள் ரஞ்சினி லீவு, ஒத்திகை இல்லை. அன்று காலை, கயிறு அவிழ்ப்பதிலிருந்து கயிறு கட்டுவது வரை, முழுப் பயணத்தின் சத்தத்தையும் என் கைத்தொலைபேசியில் பதிந்தேன். அவளுடைய தொலைபேசியில் சுருதியை அளக்கிற ஒரு செயலியை இறக்கினேன். பாட்டுக்காரர் சுருதியை ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள் அல்லவா? இந்தச் செயலி அதைக் கோடுகளாகக் காட்டும். எந்தச் சத்தம் இருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு எழும்பும்.

லோஞ்சுக்குள் அளந்தபோது எல்லாவற்றுக்கும் அடியில் நல்ல தடித்த கோடு ஒன்று நின்றது. விநாடிக்கு நூறு துடிப்பு. அதன் இரட்டிப்பை எடுத்தால் பெண்களின் சுருதியில் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் வருகிறது. அதாவது மகேஸ் சொன்னது சரி. ஆனால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு அவசரமில்லை.

வீட்டுக்கு வந்து, குசினியில் சீனிப் போத்தலில் என் தொலைபேசியைச் சாத்தி வைத்துப் பதிவைப் போட்டேன். பக்கத்தில் அவளுடைய தொலைபேசி அளந்துகொண்டிருந்தது. பார்த்தால், அந்த அடிக்கோடு இல்லை! நூறு இருந்த இடம் வெறுமை. இருநூறும் இருக்கிறதோ இல்லையோ என்று கிடந்தது. முந்நூறு, நானூறு, ஐந்நூறு என்று மேலே உள்ளவை மட்டும் நின்றன. கைத்தொலைபேசியின் ஒலிவாய் எவ்வளவு சின்னது? அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் தள்ள அதற்கு மூச்சில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம்.

"இஞ்சரும், என்ன கேக்குது?"

"லோஞ்சுதான். அடியிலை 'ஊம்' எண்டு நிக்குது, அதே சுருதி."

"நிக்கேல்லை. இதைப் பாரும். அந்த இடத்திலை ஒண்டும் இல்லை."

"நீங்கள் பாருங்கோ. நான் கேக்கிறன்."

"இல்லாத சத்தம் எப்பிடியப்பா கேக்கும்?"

அவள் மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அப்ப நீங்களே அந்த 'ஊம்' எண்டிறதைத் தொண்டையிலை பிடிச்சுப் பாருங்கோ. இல்லாட்டி வராதுதானே?"

பிடித்தேன். பிடித்தபடியே பதிவை நிறுத்தினேன். என் முனகல் மட்டும் தனியே நின்றது. அவளுடைய தொலைபேசியில் ஒரு கோடு எழும்பியது. நூறு.

அந்த அறையில் இல்லாத ஒரு சத்தத்தை என் காது கேட்டு, என் தொண்டை பிடித்து, இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டது. மகேஸ் திரும்பிப் போய் மீனைத் தொடர்ந்து கழுவினாள். அவள் ஏதாவது பேசியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

தகப்பன் வராத கலியாணம்

கோபத்தோடுதான் பழைய பாடப்புத்தகங்களைக் கிளறினேன். மாணவருக்குப் பரீட்சையில் வராது என்று நான் எப்போதும் தாண்டிப் போகிற சில பக்கங்களில் அது இருந்தது. எனக்கு விளங்கியதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்.

புளியங்கூடலில் ஒரு கலியாணவீடு. முன்வரிசையில் மூன்று புது முகங்கள் வந்து நிற்கின்றன. வாசலில் இருக்கிற ஒரு கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். மூன்று பேருக்கும் ஒரே மூக்கு. மூன்று பேருக்கும் ஒரே நடை. "நீங்கள் கந்தசாமியின்ரை பிள்ளையள் எல்லோ?" என்கிறார். ஓம் என்கிறார்கள். கந்தசாமி பாரிசில். விசா கிடைக்கவில்லை, வரவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து பந்தல் முழுக்கக் கந்தசாமிதான். கந்தசாமி மாமரத்தில் இருந்து விழுந்தது, கந்தசாமி பள்ளிக்கூடத்துக்கு ஒளித்தது. வந்த மூன்று பேரையும் யாரும் அதற்குப் பிறகு கவனிப்பதில்லை.

காதும் அந்தக் கிழவர்தான். எஞ்சின் விநாடிக்கு நூறு தரம் துடிக்கிறது. ஆனால் அது நூறை மட்டும் தனியே அனுப்புவதில்லை. இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு என்று அதன் பிள்ளைகளும் கூட வருகின்றன. தொலைபேசி தகப்பனை விட்டுவிட்டுப் பெரும்பாலும் பிள்ளைகளை மட்டும் அனுப்புகிறது. முந்நூறு, நானூறு, ஐந்நூறு வந்து நின்றால், மூன்றுக்கும் நூறு நூறாக ஒரே இடைவெளி. இவை யாருடைய பிள்ளைகள்? நூறின் பிள்ளைகள். உடனே காதும் மூளையும் சேர்ந்து நூறைக் கூப்பிட்டு இருத்திவிடுகின்றன. நாங்கள் ஒரு சத்தத்தின் சுருதி என்று கேட்பது அந்தத் தகப்பனைத்தான், அவர் வந்தாலும் வராவிட்டாலும்.

கனடாவில் இருக்கிற என் மச்சானுக்குப் பனங்காய் உருட்டுகிறதுபோலக் கனத்த குரல். தொலைபேசி அவருடைய குரலின் அடிப்பகுதியைத் தருவதில்லை. இருந்தும் நாங்கள் யாரும், "மச்சான், குரல் ஏன் மெலிஞ்சு போச்சு?" என்று கேட்டதில்லை. எங்களுக்குத் தேவையானதை நாங்களே போட்டுக் கேட்டிருக்கிறோம்.

எல்லோருடைய காதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். அணியில் இருந்த கிளாக்கர் பெண்ணிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். "தகரம் அதிருது, மாஸ்ரர்," என்றார். அவருக்குப் பிள்ளைகள்தான் தெரிந்தார்கள், கந்தசாமி தெரியவில்லை.

மகேஸிடம் நான் இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. அடுத்த நாள் அவள் போட்ட தேநீரைக் கொஞ்சம் கூடுதலாகப் பாராட்டினேன். அவளுக்கு விளங்கியிருக்கும்.

தரையில் பாடாதவர்கள்

இனி அந்த உடைந்த கதிரை அறைக்கு வருவோம்.

பிழை எங்கே என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஏழு பேரும் அதுவரை தரையில் பாடியதே இல்லை. ஒத்திகை முழுவதும் கடலில். ரஞ்சினி கொண்டுவந்த சுருதிப்பெட்டி ஐந்தரைக் கட்டையில் மெல்லிய குரலில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர்களோ மாதக்கணக்காக எஞ்சினோடு ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில் குடியிருந்தவர்கள். அதைவிட மோசம், அந்த அமைதியில் ஒவ்வொருவருக்கும் தன்னுடைய குரல் முதன்முறையாகத் தனியே கேட்டது. கேட்டதும் பயந்துவிட்டார்கள்.

மண்டபத்திலிருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ ஓர் அணியை நிறுத்திவிட்டார்கள்.

மகேஸின் கை என் சேட்டுக் கையைப் பிடித்தது. "உங்கையும் மணி வைச்சிருக்கினம்," என்றாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், ஒரு தபாற்கந்தோரையே கட்டி ஆளுகிறவள். குரல் பதினைந்து வயதுக்குப் போயிருந்தது. அவள் அன்று மேடையேறாவிட்டால் இனி மோட்டர் ஓடும்போதுகூடப் பாடமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஏழு கைப்பைகளுக்கு அடியில் என் தொலைபேசி இருந்தது. தோண்டி எடுத்தேன். அவளைத் தோற்கடிக்கவென்று நான் பதிந்த பதிவு அதில் அப்படியே இருந்தது. தொடக்கத்தில் கயிறு அவிழ்க்கிற சத்தமும் இருமலும்தான் இருக்கும். ஆகவே பெருவிரலால் நடுவுக்குத் தள்ளிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். அந்த விரலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எஞ்சின் ஓடியது.

ஏழு பேரின் தோள்களும் ஒன்றாக இறங்கின. ரஞ்சினி ஓர் உடைந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார், லோஞ்சில் கம்பியைப் பிடிப்பதுபோல. ஓர் ஆசிரியை லேசாக ஆடத் தொடங்கினார். மகேஸ் கண்ணை மூடி முதல் அடியை எடுத்தாள். மற்ற ஆறு பேரும் சேர்ந்தார்கள். ஒரே ஒரு பாட்டு வந்தது.

"மாஸ்ரர், உதை இப்ப நிப்பாட்டி வையுங்கோ," என்றார் ரஞ்சினி. "உதோடைதான் மேடைக்குப் போறம்."

நடுவரின் விரல்

மேடையில் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் தொலைபேசியை வைத்து, நிறுத்தியிருந்த இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன். நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தடித்த மூக்குக்கண்ணாடிக்காரர். மணி அவர் முன்னால். அவர் கையை உயர்த்தினார்.

"சுருதிக் கருவி மட்டுந்தான் விடலாம். உது என்ன கருவி?"

"சுருதிப்பெட்டிதான் ஐயா," என்றேன்.

"லோஞ்சு எஞ்சின்போலை எல்லோ கிடக்கு?"

"ஓம் ஐயா. லோஞ்சு எஞ்சின்தான். ஐஞ்சுக்கும் ஐஞ்சரைக்கும் நடுவிலை நிக்குது. அடியிலை 'ச' இருக்கு. நான் அளந்தனான்."

அளந்தது உண்மை. அளந்தபோது அந்த அடி 'ச' இந்தத் தொலைபேசியில் இருக்கவில்லை என்பதும் உண்மை. இல்லை என்று குசினியில் நின்று கத்தியவன், இருக்கிறது என்று நூற்றுக்கணக்கான பேருக்கு முன்னால் சத்தியம் பண்ணிக்கொண்டு நின்றேன். மேடையில் மகேஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் அவள் வாய் ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

நடுவர் தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு தன்னுடைய தொண்டைக்குள் மெல்ல "ம்ம்ம்" என்று தேடினார். கிடைத்துவிட்டது. அவருடைய புருவம் உயர்ந்ததை நான் பார்த்தேன்.

"சரி, பாடட்டும்," என்றார்.

முதல் அடி. மண்டபம் அடங்கியது. மகேஸின் குரல் நேராகப் போய் எஞ்சினின் மேல் இருந்தது. இவ்வளவு காலமும் நான் மோட்டர் ஆளியைத் தட்டி அணைத்த குரல் இதுதானா என்று இருந்தது. முதற் சரணம் நன்றாகப் போயிற்று. இரண்டாவதும் நன்றாகப் போயிற்று. நான் நடுவரின் விரலையும் மணியையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

மூன்றாவது சரணத்தின் தொடக்கத்தில் எஞ்சின் குறைந்தது.

இனி என் பெருவிரலுக்கு வருகிறேன். நடுவுக்கு என்று நினைத்து நான் தள்ளியது நடுவைத் தாண்டிப் போயிருந்தது. இன்னும் இரண்டு சரணம் மிச்சமிருக்க, பதிவில் சின்னராசா அண்ணை துறையைக் கண்டுவிட்டார்.

வேறு அணியாக இருந்தால் பதிவு தன்பாட்டில் போகட்டும் என்று தாங்கள் நின்ற சுருதியிலேயே நின்றிருப்பார்கள். எங்கள் அணி லோஞ்சோடு வளர்ந்த அணி. எஞ்சின் இறங்க, அவர்களும் இறங்கினார்கள். ஏழு பேரும், ஒருவர் பிசகாமல், கைகோத்ததுபோல. எஞ்சின் இரண்டாம் முறை குறைந்தது. அவர்கள் இன்னும் இறங்கினார்கள். நான்காம் சரணத்தில் ரஞ்சினிக்கு அவருடைய கணவரின் குரல் வந்துவிட்டது. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க லேஞ்சியை வாயில் வைத்தார்கள்.

நடுவரின் விரல் மணிக்கு மேலே போனது. நான் வாய்க்குள் "வேண்டாம், வேண்டாம்" என்று சொன்னேன்.

"டிங்."

பாட்டு நிற்கவில்லை.

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். ஏழு பெண்களும் மிகத் தாழ்ந்த ஒரு 'ச'வில், துறையைப் பார்க்கிற கண்களோடு, கடைசி அடிக்கு முந்திய அடியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் விரல் மணிக்கு மேலேயே நின்றது. இரண்டாம் முறை தட்டவில்லை.

துறையில் அணையும்போது லோஞ்சைப் பின்னுக்கு இழுக்க எஞ்சின் ஒரு முறை வீறிடும். அது வீறிட்டது. கடைசி அடியில் ஏழு குரலும் சேர்ந்து பாதாளத்திலிருந்து ஒரே தாவலில் மேலே ஏறின. எஞ்சின் நின்றது. பாட்டும் நின்றது. அந்த அமைதியில், ஒலிபெருக்கி வழியாக, மண்டபம் முழுவதும் சின்னராசா அண்ணையின் குரல் கேட்டது.

"அவசரப்படாதேங்கோ! ஆறுதலா, ஒவ்வொராளா இறங்குங்கோ!"

பழக்கதோஷம். ஏழு பேரும் சேலையைத் தூக்கிப் பிடித்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, மேடையிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

மண்டபம் கைதட்டியதா சிரித்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

மணி

நான்கு அணிகளில் நாங்கள் நான்காவது. தடித்த மூக்குக்கண்ணாடிக்காரர் குறிப்பில் எழுதியிருந்தார்: "சுருதி விலகியது. ஆனால் எழுவரும் முற்றிலும் ஒற்றுமையாக விலகினர்." ரஞ்சினி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி அறிவித்தல் பலகையில் ஒட்டினார். சின்னராசா அண்ணைக்கு ஒரே கவலை.

"பொம்பிளையள் எல்லாருக்கும் சேர்ட்டிபிக்கற் குடுத்தவையாம். என்ரை எஞ்சினுக்கு ஒண்டும் இல்லையோ, மாஸ்ரர்?"

போட்டி முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் மகேஸ் யன்னல்பக்கம் இருந்தாள். பண்ணைப் பாலம் தாண்டியதும் கடற்காற்று முகத்தில் அடித்தது. அவள் கனகாம்பரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"மணி அடிச்சவையோ?"

அளந்து கண்ட எதைப் பற்றியும் நான் பொய் சொல்கிறவனல்ல. குசினியில்கூடச் சொல்லவில்லை, பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

"இல்லை," என்றேன். "எனக்குக் கேக்கேல்லை."

"ம்," என்றாள்.

இல்லாத சத்தத்தைக் கேட்டவளுக்கு, இருந்த சத்தம் கேட்காமல் போனது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் இரைச்சலில் மணி அமுங்கிப் போயிருக்கும் என்று ஒரு விளக்கமும் தயாராக வைத்திருந்தேன். இத்தனை வருடமாக அதைக் காப்பாற்றியும் வந்தேன்.

இப்போது இரண்டு பேருமே ஓய்வில் இருக்கிறோம். இந்தத் தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தபாலில் போடமுதல் அவள் வாசிப்பாள். பிழை திருத்துவாள், முகவரி எழுதுவாள். முத்திரை ஒட்ட எனக்கு இன்னும் அனுமதியில்லை. இந்த அத்தியாயத்தைக் கொடுக்கத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மணி அடித்த இடம் வரை வாசித்தாள். அதை இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"மகேஸ், அண்டைக்கு நான் உமக்குப் பொய் சொன்னனான்," என்றேன்.

"தெரியும். எனக்கும் கேட்டதுதானே."

"கேட்டதோ? பேந்து ஏன் நிப்பாட்டேல்லை?"

அவள் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக் கடிதஉறைக்குள் வைத்தாள்.

"லோஞ்சு இன்னும் துறைக்கு வரேல்லை. நடுக்கடலிலை இறங்கச் சொன்னால் இறங்கிறதோ?"

பிறகு எழுந்து பின்பக்கம் போனாள். மோட்டர் போடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் குரலும் கேட்டது. தாங்கி நிறைந்து, கூரையில் விழுந்து, முற்றத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. நான் எழும்பவில்லை.